சிவகாசியின் அறிவு எந்த அலமாரியில் இருக்கிறது?

தமிழ்நாட்டு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் எங்கே அச்சானது என்று தேடினால், பெரும்பாலும் சிவகாசியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டியின் உறை, பள்ளி நோட்டு, டைரி, பூஜை அறையின் சாமி படம் என்று பல தலைமுறைகளாக நம் கண்ணில் பட்ட வண்ணக் காகிதத்தில் பெரும்பங்கு விருதுநகர் மாவட்டத்தின் இந்த மூலையிலிருந்து புறப்பட்டதுதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவி, இந்தத் தொழில்கள் இங்கே எப்படி வந்தன, பழைய லேபிள்களை யார் வரைந்தார்கள், எந்த இயந்திரத்தில் அச்சடித்தார்கள் என்று கேட்டால், அவள் கையில் கொடுப்பதற்குத் தமிழில் நூல்கள் குறைவு. சிவகாசியின் காலண்டர் படங்களைப் பற்றிய விரிவான ஆய்வு நூல் ஒன்று 2007-இல் வந்தது. கஜ்ரி ஜெயின் எழுதிய அந்த நூல் ஆங்கிலத்தில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வெளியானது. அந்த ஆய்வாளரின் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் தேடிப்பிடித்த மூலப்பொருள்களில் பல இந்த மண்ணில் இருந்தவை. அவற்றைச் சேர்த்துவைத்து, நம் பிள்ளைகள் கண்முன் விரித்துவைக்கும் வேலையை நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும்தான் செய்திருக்க வேண்டும்.

மாவட்டத்தில் கல்விக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. விருதுநகரில் 1947-இல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியும் 1962-இல் தொடங்கிய வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் இருக்கின்றன. சிவகாசியில் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968-இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியும், 1984-இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் வந்தன. அதே 1984-இல் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இவற்றின் நூலகங்கள் பாடநூலும் ஆய்விதழும் தருவதோடு, கண்காட்சி நடத்துவதையும் தொழில்நுட்பப் பட்டறை நடத்துவதையும் தங்கள் முதன்மை வேலைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் இங்கே வாதாட விரும்புவது. வேறு ஊர்களில் இவை நூலகத்துக்குக் கூடுதல் சிறப்பாக இருக்கலாம். சிவகாசி வட்டாரத்தில் இவை கட்டாயத் தேவை. ஏனென்றால் இந்த மண்ணின் அறிவில் பாதி உதிரிக் காகிதங்களில் கிடக்கிறது. மறுபாதி தொழிலாளிகளின் கைகளில் இருக்கிறது. இரண்டுமே இதுவரை நூலாகி அலமாரி ஏறவில்லை.

பல்கலைக்கழக நூலகம் நடத்தும் கண்காட்சி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். நூலகம் தன்னிடம் உள்ள அரிய தாள், படம், கருவி, கையெழுத்துப் பிரதி ஆகியவற்றை ஒரு பொருளின் கீழ் தொகுத்து, இது எங்கிருந்து வந்தது, யார் செய்தது, ஏன் முக்கியம் என்று விளக்கம் எழுதி, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி வைப்பதுதான் அது. தொழில்நுட்பப் பட்டறை என்பது பழைய தாளை ஸ்கேன் செய்வது, தரவுகளை ஒழுங்குபடுத்துவது, வரைபடம் தயாரிப்பது, சிறு மின்னணுக் கருவிகளை இணைப்பது போன்ற திறன்களை, எந்தத் துறை மாணவரானாலும் தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல் கற்றுக்கொள்ள நூலகம் கொடுக்கும் வாய்ப்பு. அமெரிக்காவில் ரீனோ நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் டெலமார் நூலகம் 2012-இல் முப்பரிமாண அச்சுப்பொறியை எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. அதன்பின் பல நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் அந்த வழியில் போயின. கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம், அங்கே வாழும் ஈழத் தமிழர் சமூகத்தின் ஆவணங்களை மின்னுருவாக்கும் பணியில் ‘நூலகம்’ என்னும் பெயர் கொண்ட ஆவணப்படுத்தல் நிறுவனத்தோடு கைகோத்திருக்கிறது. புலம்பெயர்ந்து போன இடத்தில்கூடத் தமிழரின் காகிதத்துக்கு ஒரு பல்கலைக்கழக நூலகம் இடம் கொடுக்கும்போது, சொந்த மண்ணில் அது நடப்பது பெரிய ஆசையாகிவிடாது.

இது வெளிநாட்டு வழக்கத்தை இங்கே ஒட்டவைக்கும் முயற்சி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளோடு ஓவியங்களும் அச்சுப் படங்களும் இருக்கின்றன. மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள் படங்களோடு இருக்கின்றன. அவற்றைப் பொதுமக்கள் பார்க்க ஓர் அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். பயிற்சிக்காக லண்டன் போனபோது, அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியின் துண்டுகளைச் சேர்த்துப் புதுப்புது உருவங்கள் செய்து காட்டுவதைப் பார்த்தார். சிறு துண்டுகளை வேண்டியபடி கோக்கலாம் என்ற அந்தக் காட்சிதான் நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்பு முறைக்குத் தூண்டுதலாக இருந்தது. 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பது. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. காட்டுவதும், செய்து பார்க்க வைப்பதும், தேடிப் போய்க் கொடுப்பதும் நம் நூலக மரபின் உள்ளேயே இருந்திருக்கின்றன. இடையில் நாம்தான் நூலகத்தைத் தேர்வுக்குப் படிக்கும் மண்டபமாகச் சுருக்கிக்கொண்டோம்.

சிவகாசி நூலகம் ஒன்று எதைக் காட்சிக்கு வைக்கலாம் என்று யோசித்தால் பொருள் மலைபோல் குவிகிறது. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே இங்கே உற்பத்தி தொடங்கியது. மழை பொய்க்கும் கரிசல் மண்ணில், விவசாயத்தை நம்ப முடியாத குடும்பங்களுக்கு அது வேலை கொடுத்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம் வந்தது. தீக்குச்சியின் ரசாயனம் பழகியதால் பட்டாசு வந்தது. ஒன்றிலிருந்து ஒன்றாக மூன்று தொழில்களும் கிளைத்த இந்த வரலாற்றுக்குச் சாட்சி அந்தச் சின்ன லேபிள்கள். ஒரு பழைய தீப்பெட்டியை ஊன்றிப் பார்த்தால் தொழிலகத்தின் பெயரும் ஊரும் தெரியும். எந்த மொழியில் அச்சாகியிருக்கிறது என்பதிலிருந்து அது எந்த மாநிலச் சந்தைக்குப் போனது என்று ஊகிக்கலாம். ஒட்டியிருக்கும் வரி முத்திரைத் தாள் ஆங்கிலேய ஆட்சி 1934-இல் தீப்பெட்டிக்கு விதித்த கலால் வரியின் கதையைச் சொல்லும். படம் மாறுவதைப் பார்த்தால், மக்கள் எந்தத் தலைவரை, எந்த நடிகரை, எந்தக் கடவுளை எந்தக் காலத்தில் விரும்பினார்கள் என்பதும் புலப்படும்.

காலண்டருக்கும் இதே சிறப்பு உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தபடி அந்த ஊருக்கு வந்து தங்கியவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடெங்கும் போயின. நாம் இன்று கண்ணை மூடி லட்சுமியையோ முருகனையோ நினைத்தால் மனதில் வரும் முகத்தில் அந்த மரபுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இன்றும் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. அந்த ஆல்பங்களின் பழைய பிரதிகள், லித்தோ காலத்துத் தாள்கள், ஆஃப்செட் நெகட்டிவ்கள் எல்லாம் அவ்வப்போதைய வியாபாரத்துக்காகச் செய்யப்பட்டவை. வியாபாரம் முடிந்ததும் எடைக்குப் போகக்கூடியவை. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல் துண்டுகளும் சுடுமண் பொருள்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த கைவினைஞர்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில் மகிழ்ச்சிதான். நம் தாத்தா பாட்டி காலத்துக் கைவினைக்கும் அதே மரியாதை வேண்டும். அது மண்ணுக்குள் போய்விடும் முன்பே அதைச் செய்துவிட முடியும்.

இப்படிப்பட்ட உதிரிக் காகிதம் எப்படி அறிவுச் செல்வமாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் முதலானவற்றையும் வாழ்நாளெல்லாம் சேகரித்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சிதறாமல் காக்கப்பட்டு, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சினிமா, நாடகம், பதிப்பு வரலாறு என்று எதை ஆராய்பவரும் இன்று அங்கே போகிறார்கள். தனிமனிதர் ஒருவரின் ஆர்வம் தொடங்கிவைத்ததை, மூன்று தொழில்களின் நடுவே நிற்கும் கல்வி நிறுவனங்கள் திட்டமிட்டே செய்யலாம். இங்கேதான் பட்டறையும் கண்காட்சியும் ஒன்றோடொன்று பிணைகின்றன. ஆயிரம் லேபிள்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. நிறம் மாறாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆண்டு, அச்சகம், ஓவியர், மொழி என்று விவரக்குறிப்பு எழுத வேண்டும். எழுத்துணரி மென்பொருள் கொண்டு தேடக்கூடிய தமிழாக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன் அச்சகங்களில் பல்வேறு எழுத்துருக்கள் புழங்கின. அந்தக் கோப்புகளை மாற்றுவதே தனிக் கலை. தமிழ் மாணவிக்குக் கணினியும், கணினி மாணவனுக்குத் தமிழ் வரலாறும் இந்த வேலையில் ஒருங்கே வந்து சேரும். இதற்கு ஒரு துறையின் வகுப்பறை போதாது. எல்லாத் துறைக்கும் பொதுவான இடம் நூலகம் ஒன்றுதான்.

இனி மறுபாதி, கைகளில் இருக்கும் அறிவு. இது உயிர் சம்பந்தப்பட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் மீண்டும் அதே ஓலம். மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் வேலை செய்பவர்களுக்கு உராய்வு ஆபத்து என்பது தெரியும். ஈரம் ஏன் ஆபத்து என்பது எல்லோருக்கும் விளக்கப்பட்டிருக்காது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் மெல்ல ரசாயன வினை நடந்து சூடு ஏறும்; யாரும் தொடாமலே அது பற்றிக்கொள்ளக்கூடும். மீதமான மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இப்படிப்பட்ட அறிவியல் இருக்கிறது. காரணம் தெரியாத விதி, அவசரத்தில் முதலில் கைவிடப்படும் விதியாகிவிடுகிறது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசை மட்டுமே அனுமதித்தது. நாக்பூரின் நீரி ஆய்வகம் வகுத்த புதிய கலவைகள் அதன்பின் வந்தன. பல ஆண்டுகளாகக் கை பழகிய மருந்து மாறும்போது, கைக்கும் மறுபடி பாடம் தேவைப்படுகிறது.

பட்டாசுப் பாதுகாப்பை நூலகத்தில் கற்றுக்கொடுப்பதா என்று கேட்கலாம். சிவகாசியில் போர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை பயிற்சி நடத்துகிறது. வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் அலுவலகமும் இருக்கிறது. நியாயமான கேள்விதான். அந்தப் பயிற்சிக்கு மாற்றாக எதையும் நான் சொல்லவில்லை. நூலகத்துக்குள் ஒரு சிட்டிகை மருந்துகூட வரக் கூடாது. ஆனால் முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. புகையைப் பார்த்து உதவ ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். போர்மேனுக்குக் கொடுக்கும் பயிற்சி அவர்களைப் போய்ச் சேராது. முதல் வெடிப்புக்குப் பின் அடுத்தது வரக்கூடும், எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், தீக்காயத்துக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரிய வேண்டிய அறிவு. ஊர் முழுவதற்கும் பொதுவான அறிவைக் கொடுக்கும் கடமை நூலகத்துக்கு உண்டு. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளை எளிய தமிழில் படங்களோடு வைக்கலாம். அறைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைச் சிறு மாதிரிகளால் காட்டலாம். வெடிப்பு அலை எப்படிப் பரவும் என்பதைக் கணினித் திரையில் காட்டலாம். அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் மலிவான உணரிக் கருவியைப் பொறியியல் மாணவர்களே பட்டறையில் செய்து பார்க்கலாம். பசுமைப் பட்டாசுப் பெட்டியின் கியூஆர் குறியீட்டைப் படித்து அசலா போலியா என்று அறிவதை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் தீப்பொறி தேவையில்லை.

அடுத்து, பணம். நூல் வாங்கவே நிதி போதாதபோது கண்காட்சிக்கும் கருவிக்கும் எங்கே போவது என்பது நூலகர்களின் உண்மையான கவலை. ஆனால் நூலும் இதழும் வந்து சேரும் வழியே மாறிவருகிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தை மத்திய அரசு 2024 நவம்பரில் ஏற்றது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கும்படி அது வகுக்கப்பட்டது. இந்திய தேசிய மின்னூலகமும் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியமும் ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. உலகமெங்கும் ஒரே மாதிரி கிடைக்கும் நூலும் இதழும் மெல்ல மெல்லத் திரைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. அப்படியானால் ஒரு கல்லூரி நூலகத்தின் தனி மதிப்பு எது? வேறு எங்கும் கிடைக்காத, அந்த மண்ணுக்கே உரிய சேகரிப்பும், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் ஆளும்தான். இதற்கு ஆகும் செலவும் அச்சப்படும் அளவுக்கு இல்லை. ஒரு நல்ல ஸ்கேனர், நான்கு கண்ணாடிப் பேழைகள், அமிலமற்ற காகித உறைகள், இரண்டு கணினிகள் இருந்தால் தொடங்கிவிடலாம். அச்சுக்கும் காகிதத்துக்கும் இந்தியாவில் இதைவிடத் தோதான ஊர் கிடையாது. நூலகத்தின் அமைதி கெடும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2023 ஜூலை 15 அன்று, விருதுநகர் தந்த காமராஜரின் பிறந்தநாளில், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அங்கே குழந்தைகளுக்கும், பார்வையற்றோருக்கும், போட்டித் தேர்வர்களுக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. பேசும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் பிரிப்பது கட்டட அமைப்பைப் பொறுத்தது. நூலகத்தின் கொள்கைக்கு அதனால் பங்கம் வராது.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஆலை அதிபர்கள் தங்கள் பழைய ஆவணங்களைக் கொடுப்பார்களா, கொடுத்தால் அந்தக் கண்காட்சி அவர்களின் புகழ் பாடும் விளம்பரமாகிவிடாதா? இந்த மாவட்டத்தின் பல கல்லூரிகளைத் தொழில் குடும்பங்களே தொடங்கின என்பதால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. என் பதிலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. கல்விக்குக் கை நிறையக் கொடுத்த சமூகம் தன் வரலாற்றுக்கு மட்டும் கையை மூடிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. வணிக ரகசியம் இல்லாத பழைய லேபிள், ஆல்பம், விலைப்பட்டியல் போன்றவற்றைக் கேட்டால் கொடுப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் என்ன காட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை நூலகத்திடம்தான் இருக்க வேண்டும், அதை எழுத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். குழந்தைகள் தீப்பெட்டி ஒட்டிய காலம் இந்த வரலாற்றின் பகுதி. சட்டவிரோத உள்குத்தகையால் நேர்ந்த விபத்துகள் இதன் பகுதி. கணவனையோ மகளையோ இழந்த குடும்பங்களின் வாக்குமூலமும், அவர்கள் விரும்பிச் சொன்னால், இதன் பகுதி. தொழிலின் சாதனையை மட்டும் காட்டும் கண்காட்சியை யாரும் நம்ப மாட்டார்கள். துயரத்தை மட்டும் காட்டினால், இந்தத் தொழிலால் பிழைத்து பிள்ளைகளைப் பட்டதாரியாக்கிய பெற்றோர்களுக்கு அது அநீதி. இரண்டையும் சான்றோடு அருகருகே வைக்கும் பக்குவம் பல்கலைக்கழகத்துக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு வரும்?

தொழிலாளர்கள் வருவார்களா என்பது கடைசிக் கேள்வி. செய்யும் உருப்படிக்குத்தான் கூலி என்னும்போது, அரை நாள் போனால் அரை நாள் சோறு போகும். அவர்கள் வளாகத்தைத் தேடி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். பட்டறைகளுக்கு ஏற்ற காலம் அதுதான். ஒரு வேனில் காட்சிப் பலகைகளையும் திரையையும் ஏற்றிக்கொண்டு திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று போகலாம். மன்னார்குடி மாட்டுவண்டி போட்ட தடம்தான் அது. அங்கே சொல்லிக்கொடுப்பதோடு கேட்டுக்கொள்ளவும் வேண்டும். முப்பது ஆண்டுகள் திரி கிள்ளிய, சரம் பின்னிய பெண்ணுக்குத் தெரிந்தது எந்த நூலிலும் இல்லை. அவள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, அவள் அனுமதியோடு அட்டவணையில் ஏற்றினால், நூலகத்தின் ஆவணங்களில் ஒன்றுக்கு அவளே ஆசிரியை ஆவாள்.

தொடங்குவதற்குப் புதுக் கட்டடமோ அரசாணையோ தேவையில்லை. மாவட்டத்தின் நான்கைந்து கல்லூரி நூலகர்கள் ஓர் அறையில் கூடி, யார் லேபிள்களைச் சேர்ப்பது, யார் காலண்டர்களை, யார் தொழிலாளர் வாய்மொழி வரலாற்றை, யார் பாதுகாப்புக் காட்சியை என்று பிரித்துக்கொண்டால் போதும். ஒரே அட்டவணை முறையை எல்லோரும் பின்பற்ற வேண்டும். ஸ்கேன் செய்தவற்றின் பிரதி ஓரிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, ஒற்றைப் பிரதியாக இருந்தவை திரும்பவே இல்லை என்பதைத் தமிழர்கள் மறக்கலாகாது. அடுத்த ஆடிப்பெருக்குக்கு அச்சகங்கள் புதிய ஆல்பங்களை வெளியிடும்போது, பழைய ஆல்பங்களின் முதல் கண்காட்சியைக் கல்லூரிகள் திறக்கட்டும். அடுத்த தீபாவளி கழிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் முதல் பட்டறை ஊர்களுக்குப் போகட்டும். இதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் சில மூட்டைக் காகிதம் எடைக்குப் போகும். ஈரம் ஏன் ஆபத்து என்று யாரும் சொல்லித்தராத இன்னொரு தலைமுறை மருந்து அறைக்குள் போகும். இந்த இரண்டையும் தடுக்கும் வலு மாவட்டத்தின் நூலகங்களுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி அவற்றைக் கேட்கும் உரிமை இங்கே வாழும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.